ஆந்தையை எண்ணிய கதை: ஆய்வுக் கட்டுரைகளின் தாக்கத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொடைக்கானலில் விடாத மழை. மூஞ்சிக்கல்லில் பஸ் இறங்கி, நனைந்த பையோடு ஒரு ஆய்வு மாணவி எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்தாள். பண்ணைக்காட்டுப் பெண். நூலக அறிவியலில் முனைவர் பட்டம் செய்கிறாள். செமான்டிக் வெப் தொழில்நுட்பம் பற்றி வெளியான கட்டுரைகளில் எவை பிறருடைய ஆய்வை உண்மையிலேயே பாதித்தன என்று அளப்பது தலைப்பு. லேப்டாப்பைத் திறந்து, சேர்ந்து வரும் சொற்களைக் கொத்துக் கொத்தாக வரைந்து காட்டும் விஓஎஸ்வியூவர் மென்பொருளில் போட்ட படத்தைக் காட்டினாள். ஐந்து நிறத்தில் ஐந்து கொத்து. பச்சைக் கொத்தில் இரை, கூடு, வாழிடம், இரவு என்று சொற்கள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர்: ‘வனவிலங்குத் துறையில் செமான்டிக் வெப்பின் பயன்பாடு’.

“ஏம்மா, இதுல ஒரு கட்டுரையையாவது திறந்து பாத்தியா?”

“ஆயிரக்கணக்குல இருக்கே மேடம்.”

திறந்தோம். ஆந்தை. அடுத்ததும் ஆந்தை. அதற்கடுத்தது ஆந்தையின் காது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே தவறைத்தான் நானும் செய்தேன், ஆந்தைக்குப் பதில் மரபணுவை வைத்து. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இரட்டைப் பதிவை நீக்குங்கள், எழுத்துப் பிழையைத் திருத்துங்கள் என்பதெல்லாம் எந்தப் பயிலரங்கிலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேடல் சொல்லை அப்படியே நம்புவது

செமான்டிக் வெப் என்பது மனிதர் படிக்கும் வலையை இயந்திரமும் பொருள் புரிந்து படிக்கும்படி ஆக்கும் முயற்சி. இந்தத் துறையின் முக்கியச் சொற்கள் எல்லாவற்றுக்கும் வேறு வீட்டிலும் உறவு உண்டு. அங்கேதான் சிக்கல்.

ஓடபிள்யூஎல் என்பது, வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004-ல் பரிந்துரைத்த வலை ஆன்டாலஜி மொழியின் சுருக்கம். எழுத்து வரிசையை வேண்டுமென்றே மாற்றி, ஆங்கிலத்தில் ஆந்தை என்று படிக்கும்படி வைத்துவிட்டார்கள். தேடுகிற தளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆர்டிஎஃப் என்பது தகவலை மூன்று துண்டாக எழுதும் முறை. பள்ளிக்கூட இலக்கணத்து எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மாதிரி: கொடைக்கானல், அமைந்திருக்கும் மாவட்டம், திண்டுக்கல். அதே மூன்றெழுத்து கழிவு மேலாண்மைக்காரர்களுக்குக் குப்பையிலிருந்து தயாரிக்கும் எரிபொருள். இயற்பியல்காரர்களுக்கோ, ஒரு துகளைச் சுற்றி மற்றவை எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று காட்டும் சார்பு. தேடினால் குப்பையும் சேர்ந்து வரும் என்று பேச்சுக்குச் சொல்வோம். இங்கே வருவது நிஜக் குப்பை.

எல்லாவற்றையும்விட மோசம் ஆன்டாலஜி. தத்துவத்தில் அது ‘இருப்பு’ பற்றிய ஆராய்ச்சி. கணினியில் ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் வரையறுக்கும் ஏற்பாடு. உயிரியலில் அதற்குத் தனி ராஜ்ஜியமே இருக்கிறது. நான் விழுந்த பள்ளம் அது.

என் ஆய்வேட்டில் அந்தச் சொல்லைத் தனியாகப் போட்டுத் தேடினேன். அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை என்று பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்தது ஜீன் ஆன்டாலஜி கட்டுரை. 2000 மே மாதம் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்தது. மரபணுக்களின் வேலையைப் பொதுச் சொற்களில் விவரிக்க உயிரியலாளர்கள் எழுதியது. பல்லாயிரம் மேற்கோள். நான் அதைத் திறக்கவே இல்லை. ‘செமான்டிக் வெப்பின் தலைவாசல்’ என்று இரண்டு பக்கம் புகழ்ந்தேன். அந்த ஒரே கட்டுரையால் என் வரைபடத்தில் 2000-ஆம் ஆண்டு தொட்டபெட்டா மாதிரி நின்றது. அதற்கும் விளக்கம் கண்டுபிடித்து, ‘துறையின் பொற்காலம்’ என்று எழுதினேன்.

வைவாவில் வெளித்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார். “டிம் பெர்னர்ஸ்-லீயும் ஹெண்ட்லரும் லசிலாவும் செமான்டிக் வெப் பற்றி சயன்டிஃபிக் அமெரிக்கன்ல எழுதினது 2001 மே. அதுக்கு ஒரு வருஷம் முந்தியே பொற்காலம் எப்படிம்மா வந்துச்சு?”

தேடலை மறுபடி ஓட்டி, மூன்று அத்தியாயத்தைத் திருப்பி எழுத ஏழு மாதம் ஆயிற்று. அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்கும் எரிச்சலூட்டுவது வேறு. அதற்கு முன்னால் என் கைடு அந்தப் படத்தைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். கருத்தரங்கில் கைதட்டினார்கள். ஒரு இதழ் அச்சிட்டே விட்டது. யாரும் ஒரு கட்டுரையையும் திறக்கவில்லை, நான் உட்பட. படம் அழகாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது. இப்போது மென்பொருள் இன்னும் அழகாக வரைகிறது.

சரி, உயிரியலையே வெட்டிவிட்டால் தீர்ந்ததா? தீராது. ஜீன் ஆன்டாலஜி பின்னாளில் ஓடபிள்யூஎல் வடிவத்திலும் வெளியானது. மருத்துவ ஆன்டாலஜிகளைக் கட்டுகிறவர்கள் செமான்டிக் வெப்பின் கருவிகளோடுதான் வேலை செய்கிறார்கள். ‘கணினி அறிவியல் மட்டும்’ என்று வடிகட்டினால் ஆந்தை போகும். கூடவே உயிரியல் பக்கம் உட்கார்ந்து ஆர்டிஎஃப்பில் வேலை செய்கிறவரும் போய்விடுவார். எல்லை எங்கே என்பதை மென்பொருள் சொல்லாது. நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்; எடுத்ததை ஆய்வேட்டில் எழுதவும் வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். சுருக்கெழுத்தைத் தனியாகத் தேடுவதில்லை; முழுப் பெயரோடோ, துறையின் இன்னொரு சொல்லோடு சேர்த்தோதான். வந்த பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 200 பதிவு எடுத்து, தலைப்பும் சுருக்கமும் படித்து, எத்தனை நம்முடையவை என்று எண்ணுவேன். பிறகு எதிர்த்திசையில் ஒரு சோதனை: கட்டாயம் வந்திருக்க வேண்டிய முப்பது கட்டுரையைக் கையால் எழுதிவைத்து, அவை தேடலில் சிக்கினவா என்று பார்ப்பேன். விக்கிப்பீடியாவின் தகவலை ஆர்டிஎஃப்பாக மாற்றித் தரும் டிபிபீடியா பற்றி 2007-ல் வந்த கட்டுரையின் தலைப்பில் செமான்டிக் வெப் என்ற சொல்லே கிடையாது. தலைப்பை மட்டும் தேடியிருந்தால் அது தப்பியிருக்கும்.

இன்னொன்று. கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுத்துத் தரும் தளங்களில் இது நடக்கும். ஸ்கோபஸில் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் என்று மூன்றையும் சேர்த்துத் தேடும்போது, எழுதியவர் கொடுத்த குறிச்சொல்லோடு தளம் தன் பங்குக்கு ஒட்டியதும் சேரும். அதே மாதிரித் தளமான வெப் ஆஃப் சயின்ஸில் கீவேர்ட்ஸ் பிளஸ் என்று ஒன்று உண்டு. அது கட்டுரை மேற்கோள் காட்டிய நூல்களின் தலைப்புகளிலிருந்து பிடுங்கியது. எழுதியவர் நினைத்தே பார்க்காத சொல்லும் அவர் பெயரில் நிற்கும்.

வரிசைத் தொகுப்பை இதழ் என்று எழுதுவது

‘இத்துறையில் அதிகத் தாக்கம் செலுத்திய இதழ்: லெக்சர் நோட்ஸ் இன் கம்ப்யூட்டர் சயின்ஸ்.’ இந்த வாக்கியத்தை எத்தனை ஆய்வேட்டில் படித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. அது இதழே அல்ல. மாநாட்டுக் கட்டுரைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிடும் ஸ்பிரிங்கரின் நூல்வரிசை. 2002-ல் சார்டினியாவில் தொடங்கிய சர்வதேச செமான்டிக் வெப் மாநாட்டின் தொகுதிகள் அதில்தான் வருகின்றன. படவியலும் குறியாக்கவியலும்கூட அதில்தான். மூலம் என்ற பத்தியை நம்பாமல் மாநாட்டின் பெயர் இருக்கும் பத்தியைப் பாருங்கள்.

இதற்குப் பயந்து மாநாடுகளையே தள்ளிவிட்டு, இதழ்க் கட்டுரை மட்டும் போதும் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. வேதியியலில் அது செல்லும். கணினி அறிவியலில் முக்கியமான பல கட்டுரைகள் முதலில் மேடையேறுவதே மாநாட்டில்தான். ஜர்னல் ஆஃப் வெப் செமான்டிக்ஸ் தொடங்கியதே 2003-ல்.

பெயர் மாறியதைச் சாவு என்று நினைப்பது

மாணவியின் இன்னொரு வரைபடத்தில் செமான்டிக் வெப் என்ற சொல் ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. ‘துறை நலிவடைகிறது’ என்று எழுதியிருந்தாள். 2012-ல் கூகுள் நாலெட்ஜ் கிராஃப் என்ற பெயரை அறிவித்த பிறகு, அதே வேலையைச் செய்கிற பலரும் அந்தப் பெயருக்கு மாறிவிட்டார்கள். நடுவில் லிங்க்டு டேட்டா என்று ஒரு பெயரும் ஓடியது. பக்கத்து மலைக்காரர்களின் ஊரை ஊட்டி என்று மட்டும் தேடினால், ஊட்டகமண்ட் என்று எழுதிய பழைய பதிவும் உதகமண்டலம் என்ற அரசுப் பதிவும் சிக்காது. அதற்காக ஊர் இல்லாமலா போயிற்று?

தரநிலைகளை விட்டுவிடுவது

இந்தத் துறையில் எல்லோரும் சாய்ந்து நிற்கும் சுவர் டபிள்யூ3சியின் பரிந்துரை ஆவணங்கள். அவை ஆய்விதழில் வந்த கட்டுரைகள் அல்ல. அதனால் தளங்களின் ‘அதிக மேற்கோள்’ பட்டியலில் அவற்றைத் தேடிப் பயனில்லை. மற்றக் கட்டுரைகளின் அடிப்பட்டியலில் ஒளிந்திருக்கும், அதுவும் பத்து விதமாக: ஒருவர் ஆவணத்தின் தொகுப்பாசிரியர் பெயரைப் போடுவார், இன்னொருவர் அமைப்பின் பெயரை, மூன்றாமவர் இணைய முகவரியை மட்டும். ஆர்டிஎஃப்புக்கே 1999, 2004, 2014 என்று பதிப்புகள். கையால் சேர்க்காமல் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதுகு வலிக்கும்.

தரவை எடுத்த தேதியை எழுதாதது

எழுதுங்கள்.

கூகுள் ஸ்காலர் எண்ணையும் ஸ்கோபஸ் எண்ணையும் ஒரே அட்டவணையில் போடுவது

வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுப் படி. மலைக் கல்லூரிக்கு ஸ்கோபஸ் சந்தா கட்டுப்படியாகாது என்றால், 2022-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்அலெக்ஸை எடுங்கள். ஆனால் தொடக்கம் முதல் கடைசிவரை அது ஒன்றையே.

இரண்டு வருஷக் கணக்கு

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கட்டுரையின் தலையில் கட்டாதீர்கள். அது இதழின் மேற்கோள் சராசரி, அதுவும் முந்தைய இரண்டு வருஷக் கட்டுரைகளுக்கு. 2018-ல் எங்கள் மலை குறிஞ்சியால் நீலமானது. அடுத்தது 2030. நடுவில் இரண்டு வருஷம் மட்டும் பார்க்கிறவர் அதைப் பூக்காத செடி என்றுதான் எழுதுவார்.

இனிஷியல்

தந்தை பெயரின் ஓரெழுத்தைக் குடும்பப் பெயராக்கி, ஊரில் உள்ள கவிதாக்களை எல்லாம் ஒரே ஆளாக்கிவிடும் இந்தத் தளங்கள். ஆசிரியர் வாரியாக, மேற்கோளை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ் போடும் முன் ஆர்கிட் எண்ணைப் பாருங்கள். செண்பகனூர் ஆர்கிட் பூ அல்ல. ஆய்வாளருக்குத் தரும் அடையாள எண்.

மேற்கோள் காட்டினாலே தாக்கம், காட்டாவிட்டால் இல்லை என்பது

எங்கள் ஊர் வானாய்வகத்தில் 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். இன்று அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். பெயர் பாடப்புத்தகத்துக்குப் போன பிறகு 1909 கட்டுரையைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்க்கிறவர் எத்தனை பேர்? தாக்கம் முற்றினால் மேற்கோள் உதிர்ந்துவிடும். நேர்மாறாக, 2001-ன் அந்த சயன்டிஃபிக் அமெரிக்கன் கட்டுரை முதல் பத்தியில் பிள்ளையார் சுழி மாதிரி விழும். அதற்குப் பிறகு கட்டுரையில் அதன் பேச்சே இருக்காது. இரண்டையும் ஒரே எடையில் எண்ணுகிறோம்.

இதில் வேடிக்கை, ஒரு கட்டுரையை எதற்காக மேற்கோள் காட்டினோம் (ஒத்துப்போகிறோமா, மறுக்கிறோமா, முறையை மட்டும் எடுத்துக்கொண்டோமா) என்று குறிக்க, சிட்டோ என்ற ஆன்டாலஜியை 2010-லேயே டேவிட் ஷாட்டன் விவரித்துவிட்டார். ஓப்பன்சைட்டேஷன்ஸ் தன் மேற்கோள் தரவை ஆர்டிஎஃப்பிலேயே இலவசமாகத் தருகிறது. செமான்டிக் வெப்பை அளக்க என்னிடம் வருகிறவர்கள் மட்டும் செமான்டிக் வெப்பைத் தொடுவதில்லை. முடிந்தால், உச்சியில் நிற்கும் ஐம்பது கட்டுரைகளுக்காவது, அவற்றை மேற்கோள் காட்டிய வாக்கியங்களை எடுத்துப் படியுங்கள்.

மாணவி போன செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தாள். 200 பதிவும் படித்திருந்தாள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலில் ‘ஆம்’, ‘இல்லை’. பச்சைக் கொத்து காணாமல் போயிருந்தது. ஒரே ஒரு பதிவுக்கு எதிரே கேள்விக்குறி. பறவைக் கணக்கெடுப்புத் தரவை ஓடபிள்யூஎல்லில் எழுதுவது பற்றிய கட்டுரை. அதில் உதாரணத்துக்கு எடுத்த பறவை ஆந்தை.

“இத என்ன செய்ய மேடம்?”

டீ சொல்லிவிட்டு இரண்டு பேரும் அதை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தோம்.