மாரி காலத்தில் தோட்டத்துண்டைப் பேணும் முறை

திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து சேர்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகிவிட்டால், நாட்கணக்கில் விடாமல் பெய்யும். ஆகவே மாரித் தோட்டத்தில் முதல் வேலை நீரை வெளியேற்றுவதே. அதற்கான மண்வெட்டி வேலையை, நிலம் காய்ந்திருக்கும் செப்டெம்பரிலேயே முடித்துவிட வேண்டும்.

பாத்திகளை 3 முதல் 4 அடி அகலத்திலும், ஏறத்தாழ 1 அடி உயரத்திலும் அமைத்து, இரண்டு பாத்திகளுக்கிடையே ஓர் அடி அகல வாய்க்கால் விட்டு, அந்த வாய்க்கால்கள் அனைத்தும் துண்டின் தாழ்ந்த மூலையில் ஒரே வடிகாலில் சேருமாறு வெட்டவேண்டும். அந்த வடிகால் அயலவர் வளவுக்குள் நீரைத் தள்ளாமல் பொதுக் கானுக்குச் செல்வது அவசியம். முதல் பெருமழையன்று குடையோடு போய்ச் சற்று நேரம் நின்று பாருங்கள்: நீர் எங்கே சுழன்று நிற்கிறது, எந்த இடத்தில் சருகு அடைக்கிறது என்பதை அந்நேரத்தில் கண்ணால் காண்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மணலில் நீர் தேங்குவது குறைவு. ஆனால் பசளை மழையோடு கீழிறங்கிவிடும். அங்கே யூரியாவை ஒரே தடவையில் இடாமல், மழை ஓய்ந்த இடைவெளிகளில் சிறிது சிறிதாக இடுவதும், கூட்டெருவைத் தாராளமாகக் கலப்பதும் நல்லது. தம்பலகாமம் போன்ற தாழ்நிலக் களிமண்ணில் பாத்தியை இன்னும் உயர்த்த வேண்டும். ஈரக் களியை மிதிப்பதோ கொத்துவதோ கூடாது. கைப்பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்தும்போது அது உதிராமல் தட்டையானால், அன்று தோட்டத்துக்குள் இறங்காதிருப்பதே மண்ணுக்குச் செய்யும் உதவி.

நாற்றுமேடைக்கு மேலே வெளிச்சம் புகும் பொலித்தீனை வளைத்துக் கட்டி, பக்கங்களைக் காற்றோட்டத்துக்காகத் திறந்து விடுங்கள். விதையை நெருக்கமாகத் தூவினால், நாற்றுகள் மண்மட்டத்தில் அழுகிச் சாயும். வைக்கோல் மூடாக்கைச் செடியின் அடித்தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளியே பரப்பவேண்டும். நத்தைகளை அந்தி நேரத்தில் கையுறையோடு பொறுக்குவதே போதும். வெறும் சட்டிகளையும் வாளிகளையும் கவிழ்த்து வையுங்கள். டெங்கு நுளம்பு பெருகுவது அவற்றில்தான்.

மிளகாய், தக்காளி, கத்தரிக்குத் தடி நட்டுத் தளர்வாகக் கட்டுவதை ஒத்திப்போட வேண்டாம். 2020 டிசம்பர் 2 அன்று புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது.

இனி, மழைக்கிடையே செடி வாடுவதைப் பற்றிக் கவனமாகச் சொல்லவேண்டும். நீர் தேங்கி வேருக்குக் காற்றில்லாமற் போனாலும் செடி வாடும். பற்றீரியா வாடல் நோயாலும் வாடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடித்தண்டில் விரல் நீளத்துண்டொன்றை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசைக்காமல் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிழை மெல்லக் கீழிறங்கினால் அது பற்றீரியா நோய். அச்செடியை வேர்மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, கத்தியையும் மண்வெட்டியையும் கழுவிய பின்னரே அடுத்த பாத்தியைத் தொடவேண்டும். அந்த இடத்தில் மீண்டும் கத்தரி, தக்காளி, மிளகாய் நடாமல், அடுத்த போகங்களுக்குச் சோளமோ பயிற்றையோ இடுங்கள்.