இன்ஜின் வேலைக்கு விளக்கு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில் பழக வந்திருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் தாம் புதிதாக வாங்கிய எல்இடி விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இன்ஜின் ஆயில்தான் கசியுது அண்ணே" என்று உறுதியாகச் சொன்னார். கசிந்த சொட்டை விரலில் தொட்டு ஒரு வெள்ளைத் தாளில் தடவி, தாளை வெயிலில் கொண்டுபோய்க் காட்டினேன். தாளில் இருந்த கறை சிவப்பாக இருந்தது. அது கியர்பாக்ஸ் ஆயில். அவர் தவறாகப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த விளக்கு அப்படித்தான் காட்டியது. இதே ஏமாற்றத்துக்கு நான் பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த விலை இன்னும் உறுத்துவதால் இதை எழுதுகிறேன். சார்ஜ் போட மறப்பது, விளக்கை வண்டிக்குள்ளேயே விட்டு பானெட்டை மூடுவது போன்றவற்றை ஒரு முறை பட்டால் எவரும் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை.

லூமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது

அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சொட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை ஆயில் கசியாமல் தடுக்கும் இரண்டு சீல்கள்: கிராங்க்‌ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் போயிருந்தால் வருவது இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸின் முன்பக்க பம்ப் சீல் போயிருந்தால் வருவது பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் ஆயில். அப்போது என்னிடம் இருந்தது 2000 லூமென் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த, நீலம் கலந்த வெள்ளை ஒளி தரும் விளக்கு. அந்த வெளிச்சத்தில் சொட்டு கரும்பழுப்பாகத் தெரிந்தது. நான் வேறு எதையும் யோசிக்காமல் கியர்பாக்ஸை இறக்கி, கிராங்க்‌ஷாஃப்ட் சீலை மாற்றி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி அனுப்பினேன். ஒரு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. அதே இடம், அதே சொட்டு. பகல் வெளிச்சத்தில் தாளில் தடவிப் பார்த்தபோதுதான் அது சிவப்பு என்று தெரிந்தது. கியர்பாக்ஸ் இறங்கிக் கிடந்த இரண்டு நாளும் கசிந்த சீல் என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது. நிறத்தைப் பார்த்தாயிற்று என்ற நம்பிக்கையில் அதை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை இறக்கி ஏற்றிய உழைப்பு முழுவதும் என் கணக்கில் போனது. வண்டிக்காரர் கோபப்படவில்லை, "முதல் தடவையே பார்த்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

இதன் காரணம் விளக்கின் உள்ளேயே இருக்கிறது. பொதுவாக வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைப் பூசிச் செய்தது. நீலமும் மஞ்சளும் கலந்தால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஆனால் மலிவான பூச்சில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவாகவே இருக்கும். ஒரு பொருள் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் அதன் மேல் விழும் ஒளியில் சிவப்பு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது பழுப்பாகவோ கறுப்பாகவோதான் தெரியும். லூமென் என்ற அளவோ மனிதக் கண்ணின் உணர்திறனை வைத்துக் கணக்கிடப்படுவது. நம் கண் பச்சைக்கு மிகக் கூர்மையானது, ஆழ்ந்த சிவப்புக்கு மந்தமானது. ஆகவே அதே மின்சாரத்தில் சிவப்பைக் குறைத்துவிட்டால் லூமென் எண் கூடும். பெட்டியின் மேல் பெரிதாகப் போடுவதற்காக ஏற்றப்படும் அந்த எண், நாம் பார்க்க வேண்டிய நிறத்தைக் கொடுத்து வாங்கியது என்பதைப் புதியவர்களிடம் ஒருவரும் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

எனவே பெட்டியில் முதலில் தேட வேண்டியது சிஆர்ஐ என்ற எண். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் அந்த எண்ணின் உச்சம் 100. இன்ஜின் வேலைக்கு 90-க்குக் குறையாமல் எடுங்கள். 80 போதும் என்று கடையில் சொல்லக்கூடும். ஆனால் அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி மட்டுமே, அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆர்9 என்று தனியாக அளக்கப்படும் அடர் சிவப்பின் மதிப்பு, 80 சிஆர்ஐ விளக்கில் சுழியத்தை ஒட்டியும் இருக்கலாம். சிஆர்ஐ எண்ணையே அச்சிடாத பெட்டி என்றால், அது குறைவு என்றே கொள்ளுங்கள். ஒளி மஞ்சள் சாய்ந்ததா நீலம் சாய்ந்ததா என்று சொல்லும் கெல்வின் எண் வேறு விஷயம்; 4000 முதல் 5000 வரை கண்ணுக்கு இதமாக இருக்கும் என்றாலும், அந்த எண்ணை வைத்து நிறம் சரியாகத் தெரியும் என்று முடிவு கட்ட முடியாது.

கடையிலேயே சோதிக்க வழி உண்டு. சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு நிறங்களில் விரல் நீள வயர்த் துண்டுகளைச் சட்டைப்பையில் கொண்டுபோய் விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். மூன்றையும் தயங்காமல் பிரித்துச் சொல்ல முடியாத விளக்கை வைத்துக்கொண்டு வயரிங்கில் கை வைக்கக் கூடாது. வயர் இல்லையென்றால் உள்ளங்கையைக் காட்டுங்கள். நல்ல ஒளியில் விரல் நுனியின் செம்மை தெரியும், மோசமான ஒளியில் கை வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும்.

வெளிச்சம் கூடக் கூட நல்லது என்று எண்ணுவது

கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்ய 300 முதல் 500 லூமென் தாராளம். அதற்கு மேல் போனால், பளபளக்கும் அலுமினிய உறையில் பட்டுத் திரும்பும் ஒளியில் கண்மணி சுருங்கி, பின்னால் இருக்கும் போல்ட் முன்னைவிட இருட்டாகத் தெரியும். சிறிய விளக்கிலிருந்து இருக்கும் தூரத்தைப் பாதியாக்கினால் அந்த இடத்தில் விழும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே பெரிய விளக்கு ஒன்றைத் தொலைவில் வைப்பதைவிட, சிறிய விளக்குகள் இரண்டை இரு பக்கமும் அருகில் வைத்தால் சொந்தக் கையின் நிழலும் குறுக்கே விழாது.

காந்தம் எங்கும் ஒட்டும் என்று நம்புவது

அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. இன்றைய இன்ஜின்களில் கைக்கு எட்டும் பாகங்களில் பெரும்பகுதி இவ்விரண்டால் ஆனவைதான், சில வண்டிகளில் பானெட்டே அலுமினியம். கொக்கியும் இருக்கும் விளக்காக வாங்குங்கள்.

துடிக்கும் ஒளியைக் கவனிக்காமல் விடுவது

இது உயிருக்கு ஆபத்தானது. சில விளக்குகள் ஒளியைக் குறைப்பதற்கு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. அந்தத் துடிப்பும் ஓடும் விசிறியின் வேகமும் ஒத்துப்போனால், விசிறி மெல்லச் சுழல்வதுபோலவோ நின்றுவிட்டதுபோலவோ தோன்றும். விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியின் கேமரா வழியாகப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கை வாங்காதீர்கள்.

பழைய ஹாலஜன் விளக்கை எடுத்து மாட்டுவது

பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் சூடான கண்ணாடி பல்பு கூடவே கூடாது.

ஓடும் நேரத்தை அப்படியே நம்புவது

ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவுமுறையில் ஓடும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்கு இறங்கும் வரையிலான நேரம். ஆகவே எட்டு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்தால், அதன் பிற்பகுதி வேலைக்கு உதவாத மங்கலாகவும் இருக்கலாம். எத்தனை மணி நேரம் முழு வெளிச்சம் நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள்.