படம் ஆகஸ்டில் எடுத்தது, நீங்கள் போவது அக்டோபரில்: தெற்கு ஸ்பெயினில் தங்குமிடம் பிடிக்கும்போது நடக்கும் தவறுகள்

தங்க வீடு தேடினால் முதலில் வந்து நிற்பது நீச்சல்குளப் படம்தான். நீலத் தண்ணீர், வெயில், குடை. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் வேறு வீட்டைப் பற்றிப் பேசவே முடியாது. ஆனால் அந்தப் படம் எடுத்தது கோடையில். பல குடியிருப்புகளில் பொதுக் குளத்தைச் செப்டம்பரோடு மூடிவிடுகிறார்கள். திறந்திருந்தாலும் சூடாக்காத குளம் என்றால் கால் நனைப்பதோடு சரி. எந்தத் தேதி வரை திறந்திருக்கும், தண்ணீரைச் சூடாக்குவார்களா என்ற இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. அக்டோபரில் தெற்குக் கடற்கரை நகரமான மாலகாவின் கரையோரம் தண்ணீர் ஏறக்குறைய 20 டிகிரி இருக்கும். வெயில் நாளில் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள்.

அடுத்தது, தெற்கு ஸ்பெயினின் இந்த அந்தாலூசியா மாநிலம் முழுவதும் ஒரே வானிலை என்று நினைப்பது. செப்டம்பரில் செவில் நகரம் 30 டிகிரிக்கு மேல் காய்ந்துகொண்டிருக்கும். கிரனாடா சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்னால் சியரா நெவாடா மலைத்தொடர், அதில் 3,400 மீட்டரைத் தாண்டி நிற்கும் முலாசென் சிகரம். அக்டோபர் கடைசியில் கிரனாடாவில் ராத்திரி 10 டிகிரிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். பழைய வீடுகளோ வெயிலை விரட்டுவதற்காகக் கட்டியவை: தடித்த சுவர், முற்றத்தைப் பார்த்த சின்ன ஜன்னல், ஓடு பதித்த தரை. ஆகஸ்டில் சொர்க்கம். நவம்பரில் காலையில் வெறுங்காலை வைத்தால் குளிர் உச்சந்தலை வரை ஏறும். "ஏசி உண்டு" என்று போட்டிருந்தால் போதாது. அது சூடும் தருமா, படுக்கையறையிலும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

நாங்கள் செய்த தவறு வேறு. கிரனாடாவில் அல்பைசின் பகுதியில், அல்ஹம்ப்ரா என்னும் பழைய கோட்டை-அரண்மனை தெரியும் மொட்டைமாடியோடு ஒரு வீடு. வரைபடத்தில் சாலையிலிருந்து 300 மீட்டர். டாக்ஸிக்காரர் கீழேயே இறக்கிவிட்டு, மேலே கையைக் காட்டினார். கூழாங்கல் பதித்த செங்குத்துச் சந்து, நடுநடுவே படிகள். சூட்கேஸின் சக்கரம் ஒன்று பாதி வழியில் கழன்றது. குழந்தையின் தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு போனோம். மேலிருந்து பார்த்த காட்சி அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பால் பாக்கெட் வாங்கக்கூட மறுபடி இறங்கி ஏற வேண்டும். தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஏற்றத்தையும், கார் எதுவரை வரும் என்பதையும், லிஃப்ட் உண்டா என்பதையும் பாருங்கள். செவிலின் சாந்தா குரூஸ் பகுதி சமதளம்தான். ஆனால் பல சந்துகளில் கார் நுழையாது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எல்லா ஊரையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கும் இலையுதிர்காலத்தில் பிசகும். மாலகாவிலிருந்து கிரனாடாவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம், செவிலுக்கு இரண்டரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாலை ஆறரைக்குள் சூரியன் போய்விடும். தூங்கி வழியும் பிள்ளைகளோடு இருட்டில் திரும்பி வருவதைவிட, கடற்கரையில் நாலு ராத்திரி, உள்நாட்டு ஊரில் மூன்று ராத்திரி என்று பிரிப்பது மேல். கார் எடுக்கப் போவதில்லையா? மாலகாவிலிருந்து விமான நிலையம், டொர்ரெமொலினோஸ் வழியாக ஃபுவென்ஹிரோலா போகும் புறநகர் ரயில் பாதையை ஒட்டித் தங்குங்கள். ரயில் அதோடு முடிகிறது. அதற்கும் மேற்கே உள்ள கடற்கரை ஊரான மார்பெயாவுக்கு ரயிலே இல்லை.

மேற்கே தரீஃபா பக்கம் கடலைப் பார்த்த வீடு மலிவாகக் கிடைத்தால் காற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். லெவாந்தே என்னும் கீழைக்காற்று ஜிப்ரால்டர் நீரிணை வழியே நாள்கணக்கில் அடிக்கும். காத்தாடிப் பலகையில் சறுக்குபவர்களுக்குக் கொண்டாட்டம், மணல்வீடு கட்டும் குழந்தைக்குக் கண்ணெல்லாம் மணல்.

மழையை மறக்க வேண்டாம். வருஷம் முழுக்க வறண்டு கிடக்கும் ஓடைகள் இந்தப் பருவத்தில் சட்டென்று நிரம்பும். 2024 நவம்பர் 13 அன்று மாலகா நகரத் தெருக்களிலேயே வெள்ளம் ஓடியது. பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். கிரனாடா என்றால் முதலில் அல்ஹம்ப்ரா டிக்கெட், பிறகுதான் வீடு. அல்ஹம்ப்ராவுக்குள் இருக்கும் நஸ்ரி அரண்மனைகளுக்கு நேரம் குறித்துத்தான் உள்ளே விடுவார்கள். பலர் வீட்டைப் பிடித்துவிட்டு டிக்கெட் இல்லாமல் தவிக்கிறார்கள்.

சமையலறை அவசியம். உணவகங்களில் பல, இரவுச் சாப்பாட்டை எட்டரைக்கு மேல்தான் தொடங்கும். அதற்குள் சின்னது தூங்கியிருக்கும். அடுப்பு எந்த வகை என்றும் கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போன அலுமினிய குக்கர் அதில் வேலை செய்யாது.

கடலே வேண்டாம் என்று நவம்பர் தொடக்கத்தில் போகிறவர்களுக்கு என் ஓட்டு, மலை ஊரான ரோந்தாவுக்குத் தெற்கே ஹெனால் பள்ளத்தாக்குக்கு. செஸ்ட்நட் காடுகள் செம்பு நிறமாகும் சமயம் அது. சின்னக் கிராமங்கள், கணப்பு உள்ள வீடுகள். விறகு வாடகையில் சேர்த்தியா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.