கை படம் தெளிவு, முதுகெலும்பு மட்டும் புள்ளி புள்ளி: நான் சரிசெய்த கதை

கொஞ்ச நாளாகவே எங்கள் எக்ஸ்ரே இயந்திரத்தில் இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டுப் படங்கள் மட்டும் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வந்தன. கை, கால் படங்களில் ஒரு குறையும் இல்லை. கதிரை வாங்கிப் படமாக்கும் டிடெக்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். எம்ஏஎஸ்ஸை, அதாவது எக்ஸ்ரே குழாயில் ஓடும் மின்னோட்டத்தை (எம்ஏ) நேரத்தால் பெருக்கிய அளவை, கூட்டிப் பார்த்தேன், அது தவறு. நேரம் நீண்டு மூச்சசைவில் படம் மங்கியது, நோயாளிக்குக் கதிரும் கூடுதலாகப் போனது.

அப்புறம்தான் குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் ஜெனரேட்டர் பக்கம் யோசனை போனது. அந்த மின்னழுத்தத்தை (கேவி, கிலோவோல்ட்) கேவி மீட்டரை வைத்து அளந்தால், 90 கேவி வைத்த இடத்தில் 80தான் வருகிறது, அதுவும் எம்ஏ அதிகமாக இருக்கும்போது மட்டும். கேவி 15 சதவீதம் குறைந்தாலே டிடெக்டருக்கு வந்து சேரும் கதிர் ஏறக்குறைய பாதியாகிவிடும், தடித்த பகுதியில் அது உடனே தெரியும். கைக்குக் குறைந்த எம்ஏ போதும் என்பதால் அங்கே தெரியவே இல்லை. சர்வீஸ் இன்ஜினியர் வந்து திறந்து பார்த்தால், மெயின் மின் இணைப்பில் ஒரு முனை தளர்ந்து கருகியிருந்தது, சுமை ஏறும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது.

முனையை மாற்றி அளவுதிருத்தம் செய்ததும் 90க்கு 89 வந்தது. பழைய எம்ஏஎஸ்ஸிலேயே படம் தெளிவு. இப்போது அதிக எம்ஏ வைத்தும் கேவியை அளக்கிறேன். குறைந்த எம்ஏவில் மட்டும் அளந்திருந்தால் இந்தப் பழுது சிக்கியே இருக்காது.