வெளிவராத பாட்டுகளைத் திரும்ப எடுப்பது எப்படி

படம் பூஜையோடு நின்றிருக்கும். அல்லது 'லெங்த் ஜாஸ்தி' என்று எடிட்டிங்கில் பாட்டைத் தூக்கியிருப்பார்கள். கோடம்பாக்கத்தில் நாலு வருஷம் பாட்டெழுதிய எவரிடமும் இப்படி ஒரு பை நிறையப் பாட்டு இருக்கும். அந்தப் பையை அவிழ்க்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் கேசட். ஆசையில் உடனே போட்டுக் கேட்காதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள். ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நல்ல கேசட் என்றால் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அப்புறம் யார் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் பாட்டு அழியாது. 90 நிமிட கேசட்டில் நாடா மெல்லிசு, அதனால் முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத் தேடாமல் ஒரே ஓட்டமாகக் கணினியில் ஏற்றுங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான்.

கம்போசிங் கேசட்டில் பாட்டை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். ஆர்மோனியத்தோடு 'தன தானா' என்று வெறும் மெட்டைத் தத்தகாரமாகப் பாடுவது, டைரக்டர் 'இன்னும் கொஞ்சம் சிம்பிளா' என்பது, டீ கிளாஸ் சத்தம், எல்லாம் இருக்கட்டும். எந்த வரி யாருக்காக வந்தது என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும்.

இப்போது முக்கியமான வேலை. பாட்டைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: டைரக்டர் கேட்டது, சந்தம் கேட்டது, யாரும் கேட்காமல் வந்தது. மூன்றாவது குறி ஒரு பாட்டில் ஒன்றிரண்டு இடத்தில்தான் விழும். சிலதில் விழவே விழாது. அந்தப் பாட்டுகளைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடலாம், பாவமில்லை.

என்னுடைய ஒரு பாட்டைச் சொல்கிறேன். சிச்சுவேஷன், கல்யாணமாகிப் போகிற தங்கையை அண்ணன் வழியனுப்புவது. மெட்டு 'தான தனத்தா தந்த தன, தந்த தானதந்தா'. நான் எழுதியது:

வாசல் வரைக்கும் வந்த நிழல்
வண்டி ஏறவில்லை

அண்ணன் பாட்டில் அண்ணனே வாசலோடு நின்றால் எப்படி என்று டைரக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. இப்போது குறி போடும்போதுதான் பிடிபட்டது: அது அண்ணன் இல்லை, எங்கப்பா. நான் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறின அன்று அவர் ரயிலடிக்கு வரவில்லை; வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

இப்படி ஒரு வரி சிக்கினால் அதில் கை வைக்காதீர்கள். இலக்கணம் இடித்தாலும் விடுங்கள். மற்றதைத் தாராளமாக மாற்றலாம். என் சரணத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் வருகிறது. பையன் 'அப்படின்னா என்னப்பா?' என்கிறான், நான் எடுக்கவில்லை, தெருமுனை விளக்குக்கு அடியில் அது அழகாகத்தான் நிற்கிறது. அதே சரணத்தில் இருந்த பேஜரைத் தூக்கிவிட்டேன்.

வெளியிடும் எண்ணம் இருந்தால் அன்று கையெழுத்துப் போட்ட தாளைத் தேடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எழுதி வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் ஒழிய, அது காலாவதி. ஆனால் படத்துக்காகக் கூலி வாங்கி எழுதிய பாட்டில் வேறு சிக்கல்களும் வரலாம், ஒரு வக்கீலிடம் காட்டுவது உத்தமம்.

வரிகள் உங்கள் கைக்கு வந்தாலும் மெட்டு வராது. அது இசையமைப்பாளருடையது. முதல் போன் அவருக்குப் போகட்டும், அதுவும் பாட்டைப் பாடகரிடம் கொடுப்பதற்கு முன்னால். அவர் அந்த மெட்டை வேறு படத்தில் எப்போதோ போட்டிருக்கவும் கூடும். அப்படியானால் சண்டை வேண்டாம். தத்தகாரத்தை மறந்துவிட்டு, காப்பாற்றின அந்த இரண்டு வரியைப் பல்லவியாக வைத்துப் புது மெட்டுக்கு ஆள் தேடுங்கள்.