வகுப்பு வீட்டுக்கு வரும்போது: ஆசிரியை அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வரிசையில் நிறுத்திக் கைகழுவ வைக்கிற மழலையர் பள்ளி ஆசிரியைக்கு, சொந்த வீட்டில் இரண்டு பையன்களுக்கு ஷூ மாட்டுவதற்குள் தொண்டை கட்டிவிடுகிறது. திறமை எங்கும் போய்விடவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்தால் பக்கத்துப் பிள்ளையும் எழும். பொருள்கள் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கும். எதற்குப் பின் எது என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். உதவிக்கு இன்னொருவர் இருப்பார். வீட்டில் இந்த நாலும் கிடையாது. போதாக்குறைக்கு, பகல் முழுக்க அடக்கிவைத்ததைக் கொட்டுவதற்குப் பிள்ளை தேடும் ஆள் அம்மாதான்.

இந்த இரட்டை வேலையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. டீச்சர் குரலும் பாடமும் ஸ்டிக்கரும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன; வந்திருக்க வேண்டிய தாழ்வான அலமாரியும், படவரிசையும், முன்கூட்டியே சொல்லிவைக்கும் பழக்கமும் பள்ளியிலேயே நின்றுவிடுகின்றன. கீழே சொல்வது 2 முதல் 6 வயதுப் பையன்களை மனத்தில் வைத்து. பெரும்பகுதி பெண்பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

வீடு திரும்பிய முதல் அரை மணி

"ஸ்கூல்ல இன்னைக்கு என்னடா பண்ணின?" என்று வாசலிலேயே கேட்பது முதல் தவறு. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு முழு நாளைத் திரும்ப எடுத்து வரிசைப்படுத்திச் சொல்வது கடினமான வேலை. அதுவும் பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கும் நேரம். "ஒண்ணுமில்ல" என்பான், இல்லாவிட்டால் சாக்ஸ் மடிப்பு சரியில்லை என்று தரையில் புரண்டு அழுவான். பள்ளியில் "உங்க பையன் ரொம்ப சமத்து" என்று சொன்ன அதே பையன்தான். அங்கே சமத்தாக இருக்கச் செலவழித்த கட்டுப்பாடு தீர்ந்துபோயிருக்கிறது. இந்த அழுகையை ஒழுங்கீனமாக எடுத்துக்கொண்டு கண்டிக்க ஆரம்பித்தால் இரவு படுக்கும் வரை அது இழுக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: தண்ணீர், சாப்பிட ஏதாவது, கழிப்பறை, பிறகு 15 முதல் 20 நிமிடம் எந்தக் கேள்வியும் கட்டளையும் இல்லாத நேரம். அந்த நேரத்தில் உடம்புக்கு வேலை கொடுங்கள். தலையணை மேல் குதிப்பது, துணிக்கூடையைத் தள்ளிக்கொண்டு போவது, ஓடுவது. 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வகுப்பில் உட்கார்ந்தே இருந்த நாள் என்றால் மீதிக் கணக்கு வீட்டில்தான் தீரும்.

நேரே சமையலறைக்குள் போய்விடாமல், முதல் பத்து நிமிடம் நீங்களும் தரையில் உட்காருங்கள். நாள் முழுக்கப் பேசிய தொண்டைக்கு அது ஓய்வு. அந்தப் பத்து நிமிடம் கிடைத்த பிள்ளை, அடுத்த அரை மணி நேரம் காலைச் சுற்றி வருவது கணிசமாகக் குறையும். பள்ளிக் கதையைக் குளியலின்போதோ படுக்கையிலோ கேட்கலாம், அதுவும் குறிப்பாக: "மணல்ல யார்கூட விளையாடின?"

சமையலறையிலிருந்து கத்தும் கட்டளை

"ஷூவ எடு, பையை மாட்டு, பாட்டிலை எடுத்துக்கிட்டு வா" என்பதில் மூன்று வேலை இருக்கிறது. மூன்று வயதுப் பையன் இரண்டைத்தான் பிடித்துவைப்பான். விளையாட்டில் மூழ்கியிருந்தால் ஒன்றுகூட உள்ளே போகாது. வகுப்பில் இது நமக்குத் தெரியும், வீட்டில் மறந்துபோகிறது.

அருகில் போய், பெயர் சொல்லி, தோளைத் தொட்டு, அவன் பார்த்த பிறகு ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். சொன்னதும் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பலரும் தவறுவது இந்தப் பத்தில்தான். பிள்ளை கேட்டதைப் புரிந்துகொண்டு உடம்பைத் திருப்புவதற்குள் இரண்டாவது தடவை சொல்லிவிட்டால், அவன் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

"ஓடாதே" என்பதற்குப் பதில் "நடந்து வா". செய்யக் கூடாததைக் கேட்ட சிறுபிள்ளைக்கு அதற்குப் பதிலாக எதைச் செய்வது என்று தானாகத் தோன்றுவதில்லை. "கிளம்பலாமா?" என்று கேட்டுவிட்டு, "மாட்டேன்" என்றதும் கோபப்படுவதும் நியாயமில்லை, கிளம்பியே ஆக வேண்டும் என்றால் அதைக் கேள்வியாக்க வேண்டாம். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பதும் அந்த வயதில் வெறும் சத்தம். "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு கிளம்பறோம்" என்றால் புரியும்.

காலை நேரத்துக்குப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது படவரிசை. பல் துலக்குதல், உடை, சாப்பாடு, ஷூ, பை என நாலைந்து படங்கள், பிள்ளையின் கண் உயரத்தில். பத்துப் படம் ஒட்டினால் அது சுவர் அலங்காரம் ஆகிவிடும். ஷூவை இடம் வலம் மாற்றிப் போடும் பையனுக்கு, ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி இரண்டு ஷூவின் உள்ளேயும் உட்புற ஓரத்தில் பாதி பாதியாக ஒட்டுங்கள். சரியாக வைத்தால் படம் சேரும். முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர் என்றால், கழுத்துப் பட்டி அவன் கால் பக்கம் வருமாறு தரையில் விரித்து, குனிந்து இரண்டு கையையும் நுழைத்து, தலைக்கு மேல் புரட்டிப் போடச் சொல்லுங்கள். மூன்று வயதிலேயே பலர் இதைத் தாமாகச் செய்துவிடுகிறார்கள்.

எல்லா மல்லுக்கட்டும் சண்டையில்லை

இரண்டு பையன்கள் உள்ள வீட்டில் அதிகம் வீணாகும் மூச்சு, "விடு அவனை!" என்பதில் போகிறது. உருண்டு புரண்டு விளையாடுவதையும் உண்மையான சண்டையையும் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். விளையாட்டில் சிரிப்பு இருக்கும், கை விரிந்திருக்கும், ஒருமுறை இவன் மேலே என்றால் அடுத்த முறை அவன். நிறுத்தினாலும் இருவரும் திரும்ப ஒட்டிக்கொள்வார்கள். சண்டையில் முகம் இறுகும், கை முட்டியாக மடங்கும், ஒருவன் தப்பிக்கப் பார்ப்பான்.

வகுப்பில் இந்த விளையாட்டை முழுவதும் தடுப்பதற்குக் காரணம் இருக்கலாம்: எண்ணிக்கை அதிகம், இடம் குறைவு. அதே தடையை வீட்டிலும் போட்டால் அது ஒளிந்து நடக்கும், கட்டில் விளிம்பில் நடக்கும். இடம் ஒதுக்கிக் கொடுப்பது மேல். கூர்முனை மேஜைகளைத் தள்ளி, மெத்தையோ பாயோ விரியுங்கள். கழுத்து, முகம், முடி கூடாது. "நிறுத்து" என்று யார் சொன்னாலும் அந்தக் கணமே கை விட வேண்டும். பெரியவன் முட்டி போட்டுத்தான் மல்லுக்கட்ட வேண்டும். உயரமும் எடையும் அதில் ஓரளவு சமனாகும். படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மட்டும் வேண்டாம், உடம்பு தணிய நேரம் பிடிக்கும்.

உண்மையிலேயே அடித்துக்கொண்டால் "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று விசாரணை நடத்தாதீர்கள். நீங்கள் பார்க்காததற்கு இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லப் பழகுவார்கள். பிரித்துவிட்டு, அடிபட்டவனிடம் முதலில் போங்கள். பிறகு பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "லாரி ரெண்டு பேருக்கும் வேணும். அடிச்சதுல தம்பிக்கு வலிக்குது." "நீ பெரியவன்தானே, விட்டுக் கொடு" என்பது அந்த நிமிடத்தைக் கடத்தும், மறுநாள் பெரியவன் அம்மா பார்க்காத இடமாகப் பார்த்துக் கிள்ளுவான்.

பகிர்தல் பற்றியும் ஒன்று. சமூகவியலாளர் மில்ட்ரெட் பார்ட்டன் மழலையர் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து 1932இல் எழுதியதில், சிறியவர்கள் சேர்ந்து விளையாடுவதைவிட ஒருவர் பக்கத்தில் ஒருவர் தனித்தனியாக விளையாடுவதே அதிகம் என்று காட்டினார். ஆகவே இரண்டு வயதுத் தம்பி அண்ணன் கட்டிய கோபுரத்தைத் தள்ளுவது வன்மத்தால் அல்ல. பெரியவனின் கட்டுமானத்துக்குத் தம்பியின் கை எட்டாத ஒரு மேஜை கொடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

பொம்மைக் குவியல்

அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நடைபழகும் வயதுப் பிள்ளைகளுக்கு ஒருமுறை 4 பொம்மைகளும் இன்னொரு முறை 16 பொம்மைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். நாலே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதங்களில் விளையாடினார்கள். வகுப்பில் மூலை மூலையாகப் பிரித்து அளவாக வைக்கும் ஆசிரியை, வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி வைப்பது விந்தைதான். ஆறேழு வகையைத் திறந்த கூடைகளில், வெளியே படம் ஒட்டி, தாழ்வாக வையுங்கள். மீதியைக் கண்ணில் படாமல் எடுத்துவைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

அண்ணனுக்கு வாங்கியது தம்பி வாய்க்குப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக்குழாய்க்குள் முழுதாக நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர் கையில் இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரி போடும் பொம்மை, ரிமோட் எதுவானாலும் பேட்டரி மூடி ஸ்க்ரூவால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகமே போதும், உடனே மருத்துவமனை.

இரவு நேர டியூஷன்

"டீச்சர் பையனுக்கே எழுதத் தெரியலையா?" என்று யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற பயம், நாலு வயதுப் பையனைச் சாப்பாட்டுக்குப் பின் நோட்டும் பென்சிலுமாக உட்கார வைக்கிறது. மூன்று விரலால் பென்சிலைப் பிடிக்கும் முறை பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் படிப்படியாக வருவது. தோளும் மணிக்கட்டும் பலப்படுமுன் வற்புறுத்தினால், அழுத்திப் பிடித்து, கை வலித்து, எழுத்து என்றாலே ஓடுவான்.

கிரேயானை 3 செ.மீ. நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். முழுக் கையால் பிடிக்க இடமிருக்காது, விரல் நுனிதான் பிடிக்கும். தாளைச் சுவரில் ஒட்டி நின்றபடி வரையவிட்டால் மணிக்கட்டு தானாகச் சரியான நிலைக்கு வரும். கத்தரிக்கோல் பழகுவதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் தாளைக் கையால் கிழிப்பது, பிறகு மாவை உருட்டிக் கத்தரிப்பது, அதன்பின் 2 செ.மீ. அகலக் கெட்டி அட்டைப் பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்குவது, நேர்கோடு, கடைசியில்தான் வளைவு. மெல்லிய தாள் கத்தரிக்கோலுக்குள் மடங்கிவிடும், அதனால் அட்டையே சுலபம். இடக்கைப் பையன் என்றால் இடக்கைக் கத்தரிக்கோல் வேண்டும். சாதாரணமானதில் வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

உருட்டும் மாவுக்கு: மைதா 2 கப், உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கிச் சிறுகச் சிறுக. கையில் ஒட்டினால் மாவு தூவுங்கள். உப்பு மிக அதிகம் என்பதால் தின்னவிடக் கூடாது.

ஒரு வேலையைச் செய்ததும் பரிசாக ஸ்டிக்கர் ஒட்டும் அட்டவணையைப் பொறுத்தவரை, பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்கு அதை வைக்காதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு அதைத் தந்தார்கள். பின்னர் சும்மா விட்டபோது அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைந்தது. பிடிக்காத ஒரு சிறு பழக்கத்துக்கு, இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும் என்றால் பரவாயில்லை.

கழிப்பறை, தூக்கம்

பையன்களுக்கு நின்று சிறுநீர் கழிக்கவே முதலில் கற்றுக்கொடுத்துவிட்டால், மலம் கழிக்க உட்கார மறுப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் உட்காருவதில் தொடங்குங்கள். சாப்பிட்டு முடித்ததும் குடல் தானாக அசையும். அப்போது ஐந்து நிமிடம், பாதம் ஸ்டூலில் ஊன்றி, முட்டி இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க உட்காரட்டும். பட்டனும் ஜிப்பும் இல்லாத எலாஸ்டிக் டிரவுசர் போதும். வகுப்பில் பழகிவிட்டவன் வீட்டில் நனைத்தால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரவில் நனையாமல் இருப்பது தனிக் கதை. ஐந்து வயதிலும் நனைப்பது சகஜம், திட்டி மாறுவதில்லை.

3 முதல் 5 வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6.30க்கு எழ வேண்டிய, பகலில் தூங்காத பையன் இரவு 8.30க்குள் தூங்கியிருந்தால்தான் குறைந்தபட்சக் கணக்கே தேறும். உங்கள் மறுநாள் வகுப்பு வேலையை அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டி ஒட்டத் தொடங்கினால் இந்த நேரம் நிச்சயம் தள்ளும்.

மகன் உங்கள் வகுப்பிலேயே இருந்தால்

முடிந்தால் வேறு பிரிவில் சேர்ப்பதே நல்லது. முடியாதபோது, பாரபட்சம் காட்டக் கூடாது என்ற பயத்தில் சொந்தப் பிள்ளையிடம் கூடுதல் கடுமையாக இருப்பதுதான் வழக்கமாக நேரும் தவறு. கடைசியாகத் தட்டு வாங்குபவனும் அவனே, முதலில் திட்டு வாங்குபவனும் அவனே. அவனைத் திருத்தும் பொறுப்பை உடன் வேலை பார்க்கும் ஆசிரியையிடம் ஒப்படையுங்கள். "அம்மா" என்று கூப்பிடுவதைத் தடுக்காதீர்கள். "மிஸ்" என்று அழைக்கச் சொல்லி வற்புறுத்தினால் மூன்று வயதுக் குழந்தை குழம்பும். காலையில் வாசலில் கட்டியணைத்து, "இப்ப எல்லாருக்கும் டீச்சர், சாயங்காலம் உனக்கு அம்மா" என்று தினமும் ஒரே வாக்கியம் சொல்லுங்கள். வகுப்பில் நடந்த அவன் குறும்பை இரவுச் சாப்பாட்டில் குடும்பத்தின் முன் எடுக்க வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கண்காணிப்பு வீட்டுக்கு வருவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இருபது பிள்ளைகளைத் தினமும் பார்ப்பதால் சொந்தப் பிள்ளையின் தாமதத்தை "பையன்தானே, லேட்டாத்தான் பேசுவான்" என்று தள்ளிப்போடுவது. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், பேசிய சொற்கள் மறைந்துபோனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால், காது கேட்கும் திறன் பரிசோதனையிலிருந்து தொடங்கி குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அவன் எந்தச் சொற்களைச் சொல்கிறான் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு வேலை எளிது.