ஆர்கன் மென்பொருளுக்குக் கம்ப்யூட்டர்: முதலில் ஆர்கனைத் தேர்ந்தெடுங்கள்

கடைக்குப் போய் "மியூசிக் சாஃப்ட்வேர் போடணும், நல்ல சிஸ்டம் வேணும்" என்று கேட்டால், பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் விளக்கு மினுக்கும் கேபினட்டும் சேர்த்து எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பார்கள். மெய்நிகர் ஆர்கனுக்கு அந்தக் கார்டால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. மெய்நிகர் ஆர்கன் மென்பொருள் ஹாப்ட்வெர்க் ஆனாலும் கிராண்ட்ஆர்க் ஆனாலும் செய்கிற வேலை ஒன்றுதான். நிஜமான குழல் ஆர்கன் ஒன்றின் ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகப் பதிவு செய்திருப்பார்கள். அந்தப் பதிவுகளை ரேமில் ஏற்றி வைத்துக்கொண்டு, விசையை அழுத்தியதும் உரிய ஒலிகளை எடுத்துக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது மென்பொருள். எத்தனை ரேம் வேண்டும் என்பதை ஆர்கன்தான் சொல்லும்.

எந்த ஆர்கன் என்பதையோ வாசிக்கிற இடம் சொல்லும். தரங்கம்பாடியில் 1718-ஐச் சேர்ந்த புதிய எருசலேம் ஆலயம் போலத் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கோயில் என்றால், கட்டடமே எதிரொலி கொடுத்துவிடும். அங்கே எதிரொலி இல்லாமல் பதிவு செய்த 'டிரை' சாம்பிள் செட் (ஓர் ஆர்கனின் குழல் பதிவுகளின் தொகுப்பு) போதும். ஐரோப்பியப் பேராலயத்தின் ஐந்து விநாடி எதிரொலியையும் சேர்த்துப் பதிந்த 'வெட்' செட்டை அங்கே ஓட்டினால் எதிரொலி மேல் எதிரொலி விழுந்து, பாமாலைப் பாட்டின் ஒரு வரி முடியுமுன் அடுத்த வரி குழம்பிவிடும். தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ வீட்டு அறையில் ஹெட்போன் மாட்டிப் பழகுகிறவருக்குத்தான் வெட் செட் உண்மையிலேயே தேவை. டிரை செட் ரேமையும் குறைவாகத்தான் எடுக்கும். சபைப் பணத்தில் வாங்குகிறவர்கள் இதை முதலில் யோசித்தால் பாதிச் செலவு மிச்சம்.

இனி கணக்கு. 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ ஒலி ஒரு விநாடிக்கு 48,000 × 3 × 2 = 2,88,000 பைட் எடுக்கும். ஒரு குழலுக்கு, விசை அழுத்தியிருக்கும்போது ஒலிக்கும் பகுதி 6 விநாடி, விட்ட பிறகு அடங்கும் பகுதி 4 விநாடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 2.9 எம்பி. 56 விசைக்கு ஒரு வரிசைக் குழல்கள் 160 எம்பியைத் தொடும். 30 வரிசை கொண்ட நடுத்தர ஆர்கன் 4.8 ஜிபி. விசையைத் தட்டி எடுத்தால் ஒன்று, நிறுத்தி எடுத்தால் ஒன்று என்று அடங்கும் பகுதியை மூன்று விதமாகப் பதிந்திருந்தால் 8.7 ஜிபிக்குப் போகும். பின்பக்க மைக் பதிவும் சேர்ந்த சர்ரவுண்ட் செட் என்றால் அதுவும் இரட்டிப்பு, 17.4 ஜிபி. விண்டோஸுக்கு மட்டும் 3, 4 ஜிபி ஒதுக்கிவிடுங்கள்.

ஆக, 16 ஜிபி ரேமில் நடுத்தர ஆர்கன் தாராளமாக ஓடும். சர்ரவுண்ட் வேண்டுமானால் 32 ஜிபி. நாலு மேனுவல் (கைவிசைப்பலகை) உள்ள பேராலய ஆர்கனை முழுசாக ஏற்ற ஆசைப்பட்டால் 64 ஜிபி. ரேம் கொஞ்சம் பற்றாக்குறை என்றால் உடனே வாங்க ஓட வேண்டாம். கிராண்ட்ஆர்க் அமைப்புகளில் 24-பிட்டை 16-பிட் ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாட்டுக்குத் துணை வாசிக்கையில் யார் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே இடத்தில் உள்ள 'லாஸ்லெஸ் கம்ப்ரெஷன்' ரேமை மிச்சப்படுத்தும், ஆனால் பிராசஸருக்கு வேலையைக் கூட்டிவிடும். பிராசஸர் பழசு என்றால் அதை அணைத்து வையுங்கள்.

32 ஜிபியை ஒரே பட்டையாக வாங்காமல் 16 ஜிபி பட்டை இரண்டாக வாங்கி, மதர்போர்டு கையேடு சொல்லும் ஜோடி ஸ்லாட்டில் போடுங்கள். நூற்றுக்கணக்கான ஒலிகளை ஒரே நேரத்தில் ரேமிலிருந்து இழுக்கிற வேலை இது. இரட்டைச் சேனல் இருந்தால் அந்தப் பாதை அகலமாகும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிராசஸரின் பாரத்தை எத்தனை குழல் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது என்பதை வைத்து அளக்கலாம். எட்டு விசை, பதினைந்து ஸ்டாப் (ஒரு குழல் வரிசையை ஒலிக்க விடும் இழுப்பான்) என்றால் 120 குழல். விநாடிக்கு ஒரு சுரக்கூட்டு மாறி, ஒவ்வொன்றும் அடங்க 4 விநாடி எடுத்தால், அடங்கிக்கொண்டிருக்கும் பழைய ஒலி வால்களையும் சேர்த்து 600. சர்ரவுண்டில் 1,200. ஆறு கோர் உள்ள சாதாரண பிராசஸர் இதைத் தாங்கும். அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை பழுதுநீக்கிச் சென்னை ரிச்சி தெருவில் விற்கின்றன. டெல்டாவின் ஊர்க் கடைகளும் வரவழைத்துத் தரும். அவற்றில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு, அதாவது ஐ5-8500 வகைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏழாம் தலைமுறையை அநேகமாக ஏற்பதில்லை. உள்ளங்கை அளவு 'மைக்ரோ' மாடலில் ரேம் ஸ்லாட் இரண்டுதான், அதுவும் லேப்டாப் வகை ரேம். கொஞ்சம் பெரிய எஸ்எஃப்எஃப் (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்) கேபினட்டே நல்லது.

ஆப்பிளின் மேக் மினியும் நன்றாக ஓடும். ஆனால் எம்1 சிப் முதல் வந்தவற்றில் ரேமைப் பிறகு கூட்ட வழியே இல்லை. வாங்கும் அன்றே முழுக் கணக்கையும் போட்டுவிட வேண்டும்.

லேப்டாப் வேண்டாம் என்று சொல்லக் காரணம் சித்திரை வெயில். ஆலயத்தில் ஏசி இல்லை, மேலே ஓடுகிற ஃபேன் ஆர்கன் மாடத்துக்கு எட்டாது. சூடேறிய பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் சுத்தமாக ஓடிய ஆர்கனின் ஒலி மதியத்தில் படபடவென்று வெடிக்கும். பழைய டெஸ்க்டாப் வாங்கினாலும் தூசி ஊதி, பிராசஸர் மேல் புது தெர்மல் பேஸ்ட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டி எதுவானாலும் சரி. அது ஆர்கன் ஏறும் நேரத்தை மட்டும்தான் தீர்மானிக்கும், வாசிப்பைத் தொடாது. 12 ஜிபி ஆர்கன் பழைய ஹார்ட் டிஸ்கில் இரண்டு நிமிடத்துக்குக் குறையாது, சாட்டா எஸ்எஸ்டியில் அரை நிமிடத்துக்குள். பூசை நடுவே கரண்ட் போய் வந்தால் அந்த ஒன்றரை நிமிடம் பெரிது.

மென்பொருளைப் பொறுத்தவரை கிராண்ட்ஆர்க் இலவசம்; பழகிப் பார்க்க அதுவே போதும். ஹாப்ட்வெர்க்குக்குப் பணமும் ஐலாக் என்ற மென்பொருள் பூட்டின் உரிமமும் வேண்டும். அதற்கென்று பூட்டிய செட்டுகள் கிராண்ட்ஆர்க்கில் திறக்காது என்பதால், செட்டுக்குக் காசு கட்டுமுன் எதில் ஓடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சமான பணத்தை ஆடியோ இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கும் ஒலிப்பெட்டி) போடுங்கள். தனக்கென ஏசியோ டிரைவர், அதாவது தாமதம் குறைந்த ஒலிவழி, உள்ளதாக இருக்கட்டும். பெரிஞ்சர் யுஎம்சி204ஹெச்டி மாதிரி மிடி (விசை அழுத்தத்தைச் செய்தியாக அனுப்பும் முறை) துளையும் உள்ளது என்றால் பழைய கீபோர்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பஃபர், அதாவது ஒலியை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் அளவு, 256 என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிவிநாடித் தாமதம், 512 என்றால் 10.7. இரண்டுமே வாசிக்கத் தோதுதான். ஆனால் ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆகும். ஆர்கன் பின்மாடத்திலும் ஸ்பீக்கர் 15 மீட்டர் தள்ளிப் பீடத்துப் பக்கமும் இருந்தால், எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் 44 மில்லிவிநாடி பிந்தித்தான் கேட்கும். வாசிப்பவர் பக்கத்தில் சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்று வையுங்கள்.

விசையை விட்ட பிறகும் ஒரு சுரம் நிற்காமல் ஊளையிட்டால் கம்ப்யூட்டரைத் திட்ட வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவு யுஎஸ்பி-மிடி கேபிள்கள், விசைகள் நெருக்கமாக விழும்போது 'நிறுத்து' என்ற செய்தியைத் தவறவிடும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும்போது வோல்டேஜ் தள்ளாடும். வோல்டேஜைச் சரிசெய்கிற லைன்-இன்டராக்டிவ் யூபிஎஸ், 600 விஏ, ஒழுங்காக மூடி அணைக்க அவகாசம் கொடுக்கும். சைன் வேவ் அல்லாத பழைய இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஸ்பீக்கரில் உறுமல் வரலாம். மிக்சருடன் இணைத்ததும் 'ம்ம்' என்ற ஹம் கேட்டால், எர்த் பின்னை உடைத்துவிடுகிற நம்மூர் வைத்தியம் ஆபத்து. கம்ப்யூட்டர், மிக்சர் இரண்டையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் பெட்டி) போடுங்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்று ரேமின் பொன்னிறப் பற்களில் படிந்துவிடும். ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வந்து திரை கருப்பாகவே நிற்கும். பிளக்கைக் கழற்றி, ரேமை எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் பற்களைத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் பெட்டி சீக்கிரம் கெடும். நடுவாரத்தில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் கார்டு இடுக்குகளை மூடிவிடுங்கள், பல்லி உள்ளே போய்விடும்.

கம்ப்யூட்டரை ஆர்கனுக்கென்றே ஒதுக்கி, நெட் இணைப்பைக் கழற்றி, பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கி, யுஎஸ்பி தானாகத் தூங்குவதை நிறுத்துங்கள். வைஃபை டிரைவர்தான் பல இடங்களில் வெடிச் சத்தத்துக்குக் காரணம். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் தடை போடுகிறது என்று காட்டும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து எதையும் அப்டேட் செய்யாதீர்கள்.

கடைசியாகச் சோதனை. செட்டின் சாம்பிள் ரேட்டும் (கிலோஹெர்ட்ஸ் எண்) மென்பொருளின் சாம்பிள் ரேட்டும் ஒன்றாக, 48 என்றால் 48 ஆகவே இருக்கட்டும். எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு, முன்கை இரண்டையும் விசைப்பலகை மேல் கிடத்தி அழுத்தி எடுங்கள், திரும்பத் திரும்ப. ஒலி எந்த எண்ணிக்கையில் வெடிக்கத் தொடங்குகிறது என்று பாலிஃபோனி மீட்டரில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குழல்களைக் காட்டும் அளவி) பார்த்து, அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வரம்பாகப் போடுங்கள். வரம்பை நெருங்கும்போது மென்பொருள் அடங்கிக்கொண்டிருக்கும் பழைய வால்களைத்தான் வெட்டும். அது யாருக்கும் கேட்காது.